ஜீவனி குடுத்தால் ஏன் இன்னும் கூடப் போகுது?

வாசகர் கேள்வி:

டொக்டர், நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையை அண்டின ஊர். என்ர மகனுக்கு ரெண்டரை வயது, 11 கிலோ. மாரி வெள்ளம் வடிஞ்ச கையோட அவனுக்கு வயித்தால போகத் தொடங்கினது. முதல் நாள் ஜீவனி, வயித்தால போனாக் குடுக்கிற அந்தப் பக்கெற் தூள், கரைச்சுக் குடுத்தன். குடிக்கக் குடிக்க இன்னும் கூடப் போச்சு. “தண்ணி குடுக்கிறபடியாத்தான் பிள்ளை போகுது, நிப்பாட்டு” எண்டு மாமி சொன்னா. நானும் நிப்பாட்டினன். மூண்டாம் நாள் பிள்ளை சோர்ந்து கண்ணே திறக்கேல்லை. ரவுணில ஒரு கிளினிக்கில சேலைன் ஏத்தினாப் பிறகுதான் முழிச்சுப் பாத்தான். இப்ப சுகம். உந்த ஜீவனி வெறும் உப்புத்தண்ணி தானே? சேலைன் மாதிரி வருமோ? எங்கட கிணறு சவர். அந்தத் தண்ணியில கரைக்கலாமோ? பக்கெற் கைவசம் இல்லாட்டி என்ன செய்யிறது? அயலில இது வாந்திபேதி, கொலரா எண்டு கதைக்கினம். இப்ப மாமிக்கும் வயித்தால போகுது. அவவுக்குப் பிறஷரும் சீனி வருத்தமும் இருக்கு. ஜீவனியில சீனி கிடக்கு, குடிக்க மாட்டன் எண்டு நிக்கிறா.

வைத்தியரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கண் திறக்காமல் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்களே, அது சரி. அந்த நேரத்தில் சேலைன் ஏற்றியதும் சரியான வைத்தியம்தான். மயங்கிக் கிடக்கிற பிள்ளைக்கு வாயில் ஊற்றினால் புரையேறும். ஆனால் முதல் நாள் ஓடி விளையாடிக்கொண்டு வயிற்றால் போன பிள்ளை மூன்றாம் நாள் அந்த நிலைக்கு எப்படி வந்தான்? இடையில் இரண்டாம் நாள் இருக்கிறது. ஜீவனியை நிறுத்திய நாள் அது. குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வயிற்றோட்டத்தோடு வார்ட்டுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேரின் கதை இதுதான்: கொடுக்கத் தொடங்குவார்கள், கூடப் போகிறதைக் கண்டு பயந்து நிறுத்துவார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஜீவனி வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்து அல்ல. அதை நிறுத்தும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள். வைரஸால் வருகிற வயிற்றோட்டம் ஜீவனி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மூன்று நாள் முதல் ஒரு கிழமை வரை போய்த்தான் நிற்கும். அதற்கிடையில் உடம்பு வற்றிப் போகாமல் பார்ப்பதுதான் ஜீவனியின் வேலை. வன்னியில் இருக்கிற உங்களுக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். கட்டு உடைத்துக்கொண்டு தண்ணீர் போகிறது. உடைப்பை உடனே அடைக்க வழியில்லை. அப்போது வரத்து வாய்க்காலையும் மறித்துவிட்டால் குளம் ஒரே நாளில் வற்றிப்போகும். மாமி சொன்னது வரத்து வாய்க்காலை மறிக்கிற வேலை.

அப்படியென்றால் குடித்தவுடன் போகிறதே, அது ஏன்? வயிற்றுக்குள் எது இறங்கினாலும் குடல் அசையும். சுகமாக இருக்கும்போதும் காலையில் தேத்தண்ணி குடித்தவுடன் சிலருக்கு மலசலகூடம் போக வருவது அதனால்தான். ஏற்கெனவே குடலில் சேர்ந்து நின்ற தண்ணீர் அந்த அசைவில் வெளியே வருகிறது. நீங்கள் கொடுத்த ஜீவனி அப்படியே கீழே இறங்கி வந்துவிடவில்லை. அதில் பெரும்பகுதி உள்ளே எடுபட்டுவிட்டது. அதனால், எத்தனை தரம் போனான் என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட, கடைசியாக எப்போது சலம் போனான் என்று பாருங்கள். நான் தாய்மாரிடம் முதலில் கேட்கிற கேள்வியும் அதுதான். பத்துத் தரம் வயிற்றால் போயும், இடையில் வெளிர் நிறத்தில் சலம் போய், அழுதால் கண்ணீர் வந்து, வாய் ஈரமாக இருக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. மூன்று தரம்தான் போனான், ஆனால் காலையிலிருந்து சலம் இல்லை என்றால் எழுந்து நின்று பார்ப்பேன்.

ஒன்று மட்டும் உண்மையிலேயே போக்கைக் கூட்டும்: ஜீவனியைத் தடிப்பாகக் கரைப்பது. இதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கலாம்.

“வெறும் உப்புத்தண்ணி” என்றீர்கள். வெறும் உப்புத்தண்ணீர் வேலை செய்யாது. வெறும் சீனித்தண்ணீரும் செய்யாது. இரண்டும் சேர வேண்டும், அதுவும் கணக்காக. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் உப்பிலுள்ள சோடியமும் சோடியாகச் சேர்ந்து மட்டுமே உள்ளே போகக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அவை போனால் தண்ணீரும் பின்னால் போகும். 1960இல் றொபேட் கிறேன் என்ற விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். வயிற்றோட்டத்தில் குடல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி மட்டும் கெடுவதில்லை. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சால்கூட இதை மூட முடியாது. ஜீவனியின் வைத்தியம் முழுவதும் இந்த ஒரு வழியை நம்பித்தான் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கணக்குப்படி ஒரு லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சிற்றேற்று உப்பு 2.9 கிராம். முன்பு இருந்த கலவை இதைவிடத் தடிப்பு. 2002ஆம் ஆண்டளவில் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்தார்கள். குறைத்த பிறகு பிள்ளைகளின் போக்கும் சத்தியும் குறைந்தன, சேலைன் ஏற்ற வேண்டி வந்தவர்களின் தொகை மூன்றில் ஒன்று குறைந்தது. குளுக்கோஸைக் குறைத்து நன்மை கண்ட இடத்தில், “பிள்ளை குடிக்கட்டும்” என்று ஒரு கரண்டி சீனியை மேலதிகமாகப் போடுகிற தாய்மாரைக் கண்டால் எனக்குக் கை பதறும். குடலுக்குள் சீனி கூடினால் அது உடம்பிலுள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து எடுக்கும். சோடாவும் பெட்டிப் பழச்சாறும் கொடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் கூடப் போவது இதனால்தான்.

இனி சேலைன். நாளத்தில் ஏற்றுகிற சாதாரண சேலைன் போத்தலில் இருப்பது லீற்றருக்கு ஒன்பது கிராம் உப்பும் தண்ணீரும் மட்டுந்தான். அதில் பொட்டாசியம் இல்லை, குளுக்கோஸ் இல்லை. வயிற்றோட்டத்தில் உடம்பு இழக்கிற சத்துகளின் கணக்கைப் பார்த்தால் ஜீவனிதான் அதைவிட முழுமையானது. சேலைனின் பலம் அதன் வேகம்: குடலைத் தாண்டி நேரே இரத்தத்துக்குள் போகும். நாடி விழுந்த பிள்ளைக்கு, மயங்கின பிள்ளைக்கு, குடித்தது எல்லாவற்றையும் சத்தி எடுக்கிற பிள்ளைக்கு, வயிறு ஊதிக் குடல் அசையாமல் நிற்கிற பிள்ளைக்கு அது வேண்டும். அங்கே ஒரு நிமிடமும் யோசிக்கக் கூடாது. மற்ற எல்லாருக்கும் வாயால் குடிப்பது அதே பலனைத் தரும், ஊசி குத்துகிற நோவும் கிருமி ஏறுகிற பயமும் இல்லாமல். எங்கள் சனத்துக்குச் சேலைன் போத்தல் தொங்கினால்தான் வைத்தியம் நடந்த திருப்தி. கேட்டு ஏற்றுவிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வாயால் குடித்து அவ்வளவு பெரிய நோயைச் சமாளிக்கலாம் என்று உலகம் நம்பியதே ஓர் அகதி முகாமில்தான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் நடந்தபோது ஒரு கோடி வரையான சனம் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தது. முகாம்களில் வாந்திபேதி பரவியது. எல்லையோரத்தில் இருந்த பொங்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளர் தரையில் நிரம்பிக் கிடந்தார்கள். சேலைன் கையிருப்பு முடிந்துகொண்டு வந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை வைத்தியர் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று பைகளில் கட்டுவித்து, லீற்றர் கணக்கில் தண்ணீரில் கரைத்துப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். தாயும் தகப்பனும் சகோதரங்களும் குவளையில் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் ஆட்களுக்குப் பருக்கினார்கள். முன்பு நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் அது நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே வந்தது. பெரிய வைத்தியர்கள் பலர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. 1978இல் லான்செற் மருத்துவ இதழ், இது இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது. முகாம் வாழ்க்கையைக் கண்ட எங்கள் ஊர்ச் சனத்துக்கு இந்தக் கதையை விரித்துச் சொல்லத் தேவையில்லை. குவளையில் பிடித்துப் பருக்கினவர்கள் நேர்சுமார் இல்லை, வீட்டுக்காரர் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரைக்கிற விதம். பக்கெற்றின் பின்பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சடித்திருக்கும். ஜீவனிப் பக்கெற் ஒன்றுக்கு ஒரு லீற்றர். மற்றக் கம்பனிகளின் சின்னப் பக்கெற்றுகளும் பார்மசியில் கிடைக்கும், அவற்றுக்கு அளவு வேறு, ஆகவே எதை வாங்கினாலும் வாசியுங்கள். நான் வீடுகளில் காண்கிற வழக்கம் எப்படியென்றால், பக்கெற்றின் மூலையைக் கிழித்து, தேத்தண்ணிக் கோப்பைக்குள் கண்ணளவுக்குக் கொஞ்சம் கொட்டி, மீதியை மடித்து ஒரு உடுப்புக் கிளிப்பை மாட்டி அலுமாரித் தட்டில் வைப்பது. மாரி ஈரத்தில் அடுத்த நாள் அது கட்டிபட்டுக் கிடக்கும். அந்தக் கோப்பைக்குள் விழுந்தது இரண்டு மடங்கு உப்போ நாலு மடங்கு உப்போ ஒருவருக்கும் தெரியாது. தடிப்பாகக் கரைத்தால் போக்கும் கூடும், தாகமும் கூடும். சின்னப் பிள்ளைக்கு இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். கூடத் தண்ணீர் விட்டு நீர்த்துக் கரைத்தால் பலன் குறையும். அரைப் பக்கெற் கரைக்கிற பழக்கமே வேண்டாம். ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைக் கழுவி எடுங்கள், அல்லது 500 மில்லிலீற்றர்த் தண்ணிப் போத்தல் இரண்டு. ஒன்றரை லீற்றர்ச் சோடாப் போத்தலை நிரப்பிவிட்டு ஒரு லீற்றர் என்று நினைக்கக் கூடாது. முழுப் பக்கெற்றையும் கொட்டி, கரையும்வரை குலுக்கி, மூடி வையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிஞ்சியதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். கரைத்ததைத் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டாம். பாலில், சூப்பில், பழச்சாற்றில் கரைக்கவும் வேண்டாம்.

சவர்த் தண்ணீர் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கடற்கரைப் பக்கத்திலும் மன்னார்ப் பக்கத்திலும் இருக்கிற எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். வாயில் வைத்தால் உப்புத் தெரிகிற தண்ணீரில் ஜீவனியைக் கரைக்க வேண்டாம். லீற்றருக்கு ஒரு கிராம் உப்பு ஏற்கெனவே கிணற்றில் இருந்தால், 2.6 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 3.6 கிராம் ஆகிவிடும். பெரியவர் தாங்குவார். கைக்குழந்தைக்கு அந்த மிச்சம் பாரம். கொதிக்க வைத்தால் உப்புப் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். கிருமிக்குக் கொதிக்க வைப்பது சரி, உப்புக்கு அது வழி இல்லை. பிரதேச சபையின் பவுசரில் வருகிற குடிதண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்து விற்கிற தண்ணீர், சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கொதித்தாற வைத்து ஒரு போத்தல் எப்போதும் ஒதுக்கி வையுங்கள். மாரியில் பிடிக்கிற மழைத் தண்ணீருக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லை, கிணற்றுத் தண்ணீர் மட்டுந்தான், பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்றால்? அப்போதும் ஒன்றும் கொடுக்காமல் விடாதீர்கள். அயலில் சவர் குறைந்த கிணறு ஒன்று இருக்கும். அங்கே அள்ளிக் கொதிக்க வைத்துக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள்.

கொடுக்கிற விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தரம் வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர். உங்கள் மகன் வயதிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200. அதற்கு மேல் கேட்ட அளவு. இது இன்னும் வற்றாத பிள்ளைக்கு. கண் குழிந்து, தாகத்தில் தவித்து, அந்தரப்பட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டால் கணக்கு மாறும்: கிலோவுக்கு 75 மில்லிலீற்றர், நாலு மணித்தியாலத்துக்குள். 11 கிலோ மகனுக்கு 825 மில்லிலீற்றர், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கேட்கச் சின்ன வேலை மாதிரி இருக்கும். நாலு மணித்தியாலம் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகப் பருக்கிப் பாருங்கள், தெரியும். தாய் ஒருத்தியால் முடியாது. தகப்பன், மாமி, அக்கா என்று முறை வைத்துக் கொடுக்க வேண்டும். இந்த நிலையில் பிள்ளை ஆஸ்பத்திரியில் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் நல்லது. ஆனால் வாகனம் வரும்வரைக்கும், வாகனத்துக்குள்ளும் கரண்டி நிற்கக் கூடாது. இரவில் ஒட்டுசுட்டான் பக்கத்து வீதியில் யானை நிற்குமோ என்று பார்த்து மெல்ல வருகிற சனம் நீங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் உள்ளே போகிற இருநூறு மில்லிலீற்றர் பெரிய காரியம்.

சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெல்ல, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடங்குங்கள். சத்தி எடுத்தாலும் முழுவதும் வெளியே வருவதில்லை. தாகத்தில் கோப்பையோடு மடமடவென்று குடிக்கவிட்டால் திரும்பச் சத்திதான். சூப்பிப் போத்தலில் வேண்டாம், கழுவுவது கஷ்டம், அதுவே அடுத்த வயிற்றோட்டத்துக்குக் காரணமாகும். கோப்பையும் கரண்டியும் போதும். கரண்டியைத் தட்டிவிடுகிற பிள்ளைக்கு, மருந்துப் பாணி எடுக்கிற ஊசியில்லாத சிறிஞ்சியால் கன்ன ஓரத்தில் மெல்ல விடலாம். தாய்மாருக்கு நான் சொல்கிற ஒன்று: ருசி பிடிக்கவில்லை என்று ஜீவனியைத் துப்பிவிட்டு ஓடுகிற பிள்ளை அநேகமாக இன்னும் வற்றவில்லை. தண்ணீர் வற்றிய பிள்ளை அந்த உப்புக்கரிப்பையும் ஆவலோடு குடிப்பான். அவன் கையால் கோப்பையைப் பிடித்து இழுத்துக் குடிக்கத் தொடங்கினால் சந்தோசப்பட வேண்டாம், கணக்காகப் பாருங்கள்.

பக்கெற் இல்லாத நேரத்துக்கு: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, மட்டமாக வழித்த அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அள்ளக் கூடாது, கத்தியின் முதுகால் வழியுங்கள். கரைத்தபின் நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரை விட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டுத் திரும்பக் கரையுங்கள். பங்களாதேசில் 1980களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண்கள் நேரே போய், மூன்று விரலால் கிள்ளிய உப்பும் ஒரு பிடி வெல்லமும் வைத்து இதைத் தாய்மாருக்குச் செய்து காட்டிப் பழக்கினார்கள். எங்களிடமும் பனங்கட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். சீனி இல்லாத நேரத்தில் தூளாக்கிப் போடலாம். அளவு கண்ணுக்குப் பிடிபடாது என்பதால் சீனி இருக்கும்போது பனங்கட்டிக்குப் போக வேண்டாம். இந்த வீட்டுக் கலவையில் பொட்டாசியம் இல்லை. அதற்கு வாழைப்பழம் தீத்துங்கள், இளநீர் கொடுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் கூட, உப்பு மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கடையில் விற்கிற குளுக்கோஸ் தூளும் ஜீவனி அல்ல, அதில் உப்பே இல்லை. பிளேன்ரீயில் தேசிக்காய் பிழிந்து கொடுப்பதும் இதற்கு ஈடாகாது. பெரியவர்கள் ஆசைக்குக் குடித்துக்கொள்ளட்டும்.

மாமியின் கைவசம் இருக்கிற நல்ல வைத்தியம் ஒன்று உண்டு, உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. அரிசியின் மாப்பொருள் குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாகப் பிரியும், சீனியைப் போலத் தண்ணீரை வெளியே இழுக்காது. வாந்திபேதியில் அரிசிமாவில் செய்த கரைசல் போக்கின் அளவையே குறைக்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே மாமியைக் கஞ்சி வடிக்கவிடுங்கள், தண்ணீரை நிறுத்துவதை மட்டும் விடச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சோறும் பருப்பும், குழைத்த வாழைப்பழம், தயிர் எல்லாம் கொடுக்கலாம். வயிற்றைக் காயப் போட்டால் குடல் ஆறும் என்பது பழைய எண்ணம். காயப் போட்ட பிள்ளை மெலிந்து, அடுத்த வயிற்றோட்டத்துக்கு இலேசாக ஆளாகும்.

மருந்துகள் பற்றிச் சுருக்கமாக. சிங்க் எனப்படும் நாகச்சத்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழே 10, பத்து முதல் பதினான்கு நாள் வரை. இது போக்கின் நாட்களைக் குறைக்கும், அடுத்த சில மாதங்களுக்கும் காப்புக் கொடுக்கும். வயிற்றோட்டம் நின்றாலும் நாள் முடியும்வரை கொடுங்கள். போக்கை நிறுத்துகிற குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, குடல் அசையாமல் நின்று வயிறு ஊதும். அன்ரிபயோற்றிக் பெரும்பாலும் தேவையில்லை. இரத்தமும் சளியும் கலந்து போகிற வயிற்றுளைவுக்கு வேண்டும், அதை வைத்தியர் பார்த்துத் தரட்டும்.

எப்போது வீட்டில் நிற்கக் கூடாது? குடிக்க முடியாமல் அல்லது எழுப்ப எழும்பாமல் கிடந்தால். குடித்தது எல்லாம் சத்தியாக வந்தால். ஆறு மணித்தியாலமாகச் சலம் இல்லாவிட்டால். மலத்தில் இரத்தம் கண்டால், காய்ச்சல் கடுமையாக இருந்தால், வயிறு ஊதினால், வலிப்பு வந்தால். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் நீளவாட்டில் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் நல்லது. இரண்டு செக்கனுக்கு மேல் மடிப்பு நின்றால் நிலைமை மோசம். மெலிந்த பிள்ளைகளில் இந்தச் சோதனை ஏமாற்றும், அதனால் மற்ற அறிகுறிகளையும் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தை என்றால் இவ்வளவும் பார்த்துக்கொண்டிருக்காமல் கொண்டு வாருங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அயலில் கதைக்கிற வாந்திபேதிக்கு வருவோம். வெள்ளத்துக்குப் பின் வருகிற வயிற்றோட்டம் எல்லாம் வாந்திபேதி அல்ல. அது வந்தால் இப்படி இருக்காது. வயிற்று நோவோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமல், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளிறிப்போய்க் கொட்டும். பெரியவருக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை போகும். காலையில் நடந்து திரிந்தவர் பின்னேரத்துக்குள் நாடி விழுந்து கிடப்பார். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்துபோன தொழிலாளர்களை வழிநெடுகச் சாய்த்தது இதுதான். இன்று எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் சட்டப்படி உடனே அறிவிக்க வேண்டிய நோய் அது. ஆகவே அரிசித் தண்ணீர் மாதிரி ஒருவருக்குப் போனாலும், அல்லது ஒரே கிணற்றில் அள்ளுகிற வீடுகளில் பலருக்கு ஒரே நேரத்தில் போனாலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கதைப்பதில் பலன் இல்லை. வாந்திபேதியாக இருந்தாலும் முதல் வைத்தியம் இதே ஜீவனிதான், அளவு மட்டும் இன்னும் கூட.

வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்து, குளோரின் போட்ட பிறகே பாவியுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் அளவு சொல்லித் தருவார். பிள்ளையின் மலம் தீங்கில்லை என்று வளவுக்குள் எறியாமல் மலசலகூடத்தில் போட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். மகனுக்கு வந்தது மாமிக்கு எப்படி வந்தது என்பதற்கு அநேகமாக விடை அங்கேதான் இருக்கிறது.

மாமி இப்போது ஜீவனி குடிக்க வேண்டும், சீனி வருத்தம் இருந்தாலும். ஒரு லீற்றர் முழுவதிலும் இருக்கிற குளுக்கோஸ் 13.5 கிராம், ஏறத்தாழ மூன்று தேக்கரண்டிச் சீனி. அதை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப் போகிறா. உடம்பு வற்றினால் சீனி இன்னும் ஏறும். பிறஷருக்கு உப்புக் குறைக்கச் சொன்னது சுகமாக இருக்கிற நாட்களுக்கு. இப்போது அவவுடைய உப்பு மலத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பயமாக இருப்பது அவ வழமையாகப் போடுகிற குளிசைகள்தான். சலம் போக வைக்கிற குளிசை, சில பிறஷர்க் குளிசைகள், சீனிக்குக் கொடுக்கிற மெற்போமின், இவை உடம்பு வற்றிய நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வன்னியில் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ள வயதானவர்கள் பலர் தங்களுக்கு அது இருப்பது தெரியாமலே இருக்கிறார்கள். தானாக நிறுத்தவும் வேண்டாம், பழக்கத்தில் போட்டுக்கொண்டே போகவும் வேண்டாம். இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ இருப்பதாக முன்பு சொல்லியிருந்தால் ஜீவனியின் அளவையும் கேட்க வேண்டும். அதனால் இன்றைக்கே அவவைக் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஜீவனிப் போத்தல் கையில் இருக்கட்டும், கிளினிக் கொப்பியையும் போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.